கட்டில் காலை அறுத்தவள்

வியாழக்கிழமை காலை எட்டே காலுக்கு லாக்சன் தெம்போ ஒரு மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். மரம் ஒல்லி. லாக்சன் அதைவிட ஒல்லி, அதனால் அவனைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் பக்கத்தில் நின்ற அவனுடைய முதலாளி தெலெசா சகாலாவைப் பற்றித்தான். சிப்பாட்டா நகரத்துப் போக்குவரத்துப் போலீஸில் இருபத்திரண்டு வருஷம் லாரிகளைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு துப்பறியக் கிளம்பிய உடம்பு அது. மரத்தின் இரண்டு பக்கமும் தாராளமாகத் தெரிந்தது.

“மேடம், நாம மரத்துக்குப் பின்னால ஒளியறதுக்குப் பதிலா மரத்தை உங்களுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கலாம்.”

“வாயை மூடு. அவ வர்றா.”

செலிபா வந்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் பச்சைச் சித்தெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு, ஆண்கள் சைக்கிளை லாகவமாக மிதித்துக்கொண்டு வந்தாள். கிளினிக் வாசலில் இறங்கினாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், சாலைக்கு அந்தப் பக்கமும் பார்த்தாள். மடியில் கனமில்லாதவள் இப்படியா வழி பார்ப்பாள் என்று லாக்சன் நினைத்துக்கொண்டான்.

அவள்மேல் புகார் கொடுத்தவன் அவள் புருஷனேதான். யோபே ம்வாலே, வெள்ளிப் பறவை கோச் கம்பெனியின் டிரைவர். சிப்பாட்டாவிலிருந்து லுசாக்காவுக்கு வாரத்தில் மூன்று தடவை அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவன். திங்கட்கிழமை வந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, அதற்குள் சொல்லிவிட்டான்.

“என் பொண்டாட்டி என்னைக் கொல்றா மேடம். ஒரேயடியா இல்ல. கொஞ்சம் கொஞ்சமா.”

அவன் அடுக்கிய குற்றங்கள் விசித்திரமானவை. முதல் குற்றம், அவன் லுசாக்கா போயிருந்த சமயம் அவள் ரம்பம் வாங்கிக் கட்டிலின் நாலு கால்களையும் அறுத்துவிட்டாள். இப்போது அந்தக் கட்டில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம். அடுத்தது, இந்த ஜூலைக் குளிரில் கரி அடுப்பைப் படுக்கை அறைக்குள் கொண்டுவர விடமாட்டேன் என்கிறாள். அப்புறம் தோப்வா. சோளமாவில் காய்ச்சும் அந்தப் பானத்தை ராத்திரி தவறாமல் அவன் கையில் கொடுக்கிறாள், லுசாக்கா போகிற நாளில் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறாள், அதுவும் பல் கூசுகிற அளவுக்குச் சர்க்கரை போட்டு. ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கரண்டியின் முதுகால் எதையோ நசுக்கிக்கொண்டிருக்கிறாள்.

“போன மாசம் ரெண்டு நாள் காலைல எழுந்தா வாயெல்லாம் ரத்தம். நாக்கு கிழிஞ்சிருக்கு. ராத்திரி பூரா உரல்ல போட்டு இடிச்ச மாதிரி உடம்பு வலி. கட்டிலை எதுக்கு மேடம் தரைக்கு இறக்கணும்? புருஷனைக் குழிக்குள்ள இறக்கறதுக்கு ஒத்திகை பாக்கறான்னு எங்கக்கா சொல்றா.”

“உங்கக்கா ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போக வேண்டியவங்க” என்றான் லாக்சன்.

கரண்டியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை ஒரு தீப்பெட்டிக்குள் சுரண்டி எடுத்து வந்திருந்தான் யோபே. தெலெசா அதை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். கசப்பு. வேப்பங்காய்கூடத் தோற்கும்.

“விஷமா இருந்தா என்ன மேடம் பண்ணுவீங்க?” என்று லாக்சன் பதறினான்.

“முதல்ல உன்னைத்தான் நக்கச் சொன்னேன். நீ மாட்டேன்னுட்ட.”

யோபே கிளம்பும்போது சொன்னது லாக்சனுக்கு இன்னும் காதிலேயே இருந்தது. “நிரூபிச்சு மட்டும் கொடுங்க. சனிக்கிழமை அவ அண்ணன்மாரைக் கூப்பிட்டு அவளை ஒப்படைச்சிடறேன். தபித்தா என்கூட இருப்பா.” தபித்தாவுக்கு நாலு வயது. அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசை மாடு கொடுத்துக் கட்டிய பெண் திரும்பிப் போனால் தனியாகத்தான் போவாள், பிள்ளை அப்பன் வீட்டோடு நின்றுவிடும். அது செலிபாவுக்கும் தெரியாமலிருக்காது.

அன்றைக்குத் தெலெசா அவனுக்கு ஒரே ஒரு புத்திமதி சொல்லி அனுப்பினாள். “நான் சொல்ற வரைக்கும் உங்க வீட்டுச் சாப்பாடு ஒரு பருக்கை வாயில படக்கூடாது. தோப்வா ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. புரியுதா?” அவனும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டிவிட்டுப் போனான்.

இப்போது செலிபா கிளினிக்கின் முன்வாசலை விட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். லாக்சன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் இரண்டு தப்படி பின்னால் வந்து முதலாளியின் காலை மிதித்தான்.

“மேடம்... அது வியாழக்கிழமை வரிசை.”

அந்த வரிசையைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. வலிப்பு நோய்க்காரர்கள் மாத்திரை வாங்க நிற்கும் வரிசை. பன்னிரண்டு பேர் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். ஒரு கிழவருக்கு முழங்கை வரை தீக்காயத் தழும்பு. ஒரு பெண்ணுக்குக் கன்னத்தில் பாதி சுருங்கியிருந்தது. விழுந்தவனைத் தொட்டால் அந்த எச்சில் வழியாக நோய் தொட்டவனுக்கும் வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் அடுப்பிலேயே விழுந்தாலும் யாரும் கைகொடுக்க மாட்டார்கள். அந்தத் தழும்புகள் நோய் போட்டவை அல்ல, அக்கம்பக்கத்தார் போட்டவை. லாக்சனும் அந்த அக்கம்பக்கத்தாரில் ஒருவன்தான். பன்னிரண்டு வயதில் அவன் வகுப்பிலேயே ஒருத்தி விழுந்தபோது, ஜன்னல் வழியாக முதலில் குதித்தவன் அவன்.

செலிபா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முறை வந்ததும் கைகளைக் குவித்து மெல்லத் தட்டி நர்ஸுக்கு வணக்கம் சொன்னாள். மஞ்சள் அட்டையை நீட்டினாள். “செலிபா ம்வாலே!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஒரு பொட்டலம் கை மாறியது.

“கேஸ் முடிஞ்சுது மேடம். நோய் பொண்டாட்டிக்கு. அதை மறைச்சுக் கட்டிக்கிட்டா. தன் மாத்திரையையே புருஷனுக்கு நசுக்கிக் கொடுத்து ஆளை முடிக்கப் பாக்கறா. டீ வாங்கித் தாங்க.”

“அவ எதுல வந்தா?”

“சைக்கிள்ல.”

“வலிப்புக்காரங்க சைக்கிள் ஓட்டக்கூடாதுன்னு உள்ள சுவர் பூரா எழுதிப் போட்டிருக்கு. சரி, அவ கையில, முகத்துல ஒரு தழும்பு பார்த்தியா?”

“இல்ல.”

“கடிபட்ட நாக்கு யாரோடது?”

டீ தள்ளிப்போனது மட்டும் லாக்சனுக்குப் புரிந்தது.

கிளினிக்குக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் செலிபாவை மடக்கினார்கள். தெலெசா வழியை மறித்து நின்றால் அதைச் சுற்றிக்கொண்டு போக இன்னொரு தெரு வேண்டும்.

“செலிபா, என் பேர் தெலெசா சகாலா. உன் புருஷன் என்கிட்ட வந்திருந்தார். நீ அவருக்கு விஷம் வைக்கிறியாம்.”

அவள் அழவுமில்லை, மறுக்கவுமில்லை. பொட்டலத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

“நாக்கைக் காட்டும்மா” என்றாள் தெலெசா.

“எதுக்கும்மா?”

“காட்டு.”

காட்டினாள். சுத்தமான, இளஞ்சிவப்பு நாக்கு. ஒரு கீறல் கிடையாது.

“நோய் அவருக்கு. அட்டை உன் பேர்ல. எத்தனை மாசமா?”

செலிபா குழாயடிக் கல்லில் உட்கார்ந்தாள்.

“பதினாலு மாசமாம்மா. தூக்கத்துலதான் வரும். விடிஞ்சா அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. முதல் தடவை கட்டில்லருந்து விழுந்து நெத்தி பிளந்துபோச்சு. இருட்டுல கதவுல மோதிக்கிட்டீங்கன்னு சொன்னேன், நம்பிட்டார். அப்புறம்தான் கட்டில் காலை அறுத்தேன்.”

“கரி அடுப்பு?”

“அவர் அண்ணன் அப்படித்தாம்மா செத்தார். தெரியாதா உங்களுக்கு? அவருக்கும் இதே நோய். தட்டைத் தனியா வச்சு, ஆளையும் தோட்டத்துக் குடிசையில தனியா வச்சாங்க. ஒரு குளிர் நாள்ல தீயில விழுந்தார். எல்லாரும் சுத்தி நின்னு பார்த்தாங்களாம். இவரும் நின்னார். அன்னைக்கு ராத்திரி என்கிட்ட சொன்னார், ‘இந்த நோய் எனக்கு வந்துச்சுன்னா பஸ்ஸை லுவாங்வா ஆத்துப் பாலத்துலருந்து இறக்கிடுவேன்’னு. அவர்கிட்டப் போய் நான் எப்படிச் சொல்லுவேன்?”

லாக்சன் ஒரு ஜோக் சொல்லலாம் என்று தேடிப் பார்த்தான், அகப்படவில்லை.

“போன மாசம் ரெண்டு வாரம் இங்க மாத்திரை வரல. அப்பதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டார். கண்ணு ரெண்டும் அகலமாத் திறந்திருக்கும்மா. என்னையே பாக்கற மாதிரி இருக்கும், ஆனா அதுக்குள்ள அவர் இருக்க மாட்டார். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுத் தலையைப் பிடிச்சுக்குவேன். எனக்கு ஒண்ணும் ஒட்டிக்கலை, பாருங்க.”

“எதனால வருதுன்னு டாக்டர் சொன்னாரா?”

“பல காரணம் இருக்காம். மூளைக்குள்ள கட்டியா இருக்கலாமாம். லேசா பக்கவாதம் வந்து போன தழும்பா இருக்கலாமாம். நாடாப்புழு முட்டை அழுக்குக் கை வழியா வயித்துக்குள்ள போயி, அங்கிருந்து மூளையில போய் உக்காந்துக்குமாமே, அதுவாவும் இருக்கலாமாம். புழுன்னா மருந்து இருக்கு, கட்டின்னா அறுத்து எடுக்கலாம், ஆனா லுசாக்கா போய்த் தலையைப் படம் பிடிச்சாத்தான் தெரியுமாம்.” செலிபா முதல்தடவையாகச் சிரித்தாள், பார்க்கச் சகிக்காத சிரிப்பு. “என்னைத்தான் போகச் சொல்றாங்க. என் மண்டையைப் படம் பிடிச்சு யாருக்கு என்ன லாபம்?”

தெலெசாவின் குரல் தடித்தது. “பொண்ணே, உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா பதினாலு மாசமா அறுபது அறுபது பேரை அவர் முதுகுக்குப் பின்னால உக்கார வச்சு அனுப்பியிருக்க. அது புண்ணியமில்ல.”

“தெரியும்மா. ஒவ்வொரு தடவையும் பஸ் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு போன் வர்ற வரைக்கும் நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். பகல்ல ஒரு தடவைகூட வந்ததில்ல. மாத்திரை உள்ள போனா வராதும்மா. ஆனா இப்ப மூணு நாளா...” அவள் எழுந்து நின்றாள். “மூணு நாளா அவர் வீட்ல எதையும் தொடல. தோப்வாவைக் கொட்டிடறார். நேத்து ராத்திரி ரெண்டு தடவை வந்துச்சு. திடீர்னு நிறுத்தினா அடுக்கடுக்கா வரும், பகல்லயே வரும், ஆளையே கொண்டுபோயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். கரைச்சதெல்லாம் கொட்டிப்போய் மாத்திரையும் தீர்ந்துடுச்சு, அதான் விடிஞ்சதும் ஓடி வந்தேன். யாரோ அவர்கிட்ட சாப்பிடாதேன்னு சொல்லியிருக்காங்க. யாரும்மா அந்தப் பாவி?”

லாக்சன் மாமரத்தைப் பார்த்தான்.

“நான்தான்” என்றாள் தெலெசா.

விஷம் வைக்கிறவளைத் தேடித்தான் அவர்கள் திங்கட்கிழமை கிளம்பினார்கள். கடைசியில் அந்த மனிதனின் உயிருக்கு உலை வைத்தது அவன் நம்பி வந்த துப்பறியும் அம்மாள்தான். தெலெசா அதை மழுப்பவில்லை. அவள் முகம் கருங்கல்லாகிவிட்டது.

“இன்னைக்கு அவருக்கு எத்தனை மணிக்கு பஸ்?”

“ஒன்பதரைக்கு.”

மணி ஒன்பது ஐந்து. லாக்சன் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் போனை அணைத்துவிடுவது யோபேயின் வழக்கம். நல்ல டிரைவர்.

சிப்பாட்டாவில் அவசரத்துக்கு ஆபத்பாந்தவன் வாடகை சைக்கிள்தான். பின்சீட்டில் மெத்தை வைத்து ஆள் ஏற்றும் பையன்களில் இரண்டு பேர் கிளினிக் வாசலிலேயே நின்றார்கள். செலிபா தன் சைக்கிளில் ஏறிப் பறந்தாள். லாக்சன் ஒன்றில் தொற்றினான். இன்னொரு சைக்கிள்காரன் தெலெசாவை மேலும் கீழும் பார்த்தான்.

“அம்மா, ரெண்டு டிரிப்பா போகலாமா?”

“மிதிடா!”

அவன் மிதித்தான். மேட்டில் அவன் விட்ட மூச்சு முன்னால் போன லாக்சனுக்குக் கேட்டது.

பஸ் நிலையத்தில் வெள்ளிப் பறவை கோச் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நின்றது. மூட்டைகள் கூரைக்குப் போய்விட்டன. கோழிக் கூடைகள் கால்களுக்கடியில். ஜன்னல் ஜன்னலாக வேர்க்கடலையும் அவித்த முட்டையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சீட்டில் யோபே. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம்.

தெலெசா ஜன்னலருகே போய் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “யோபே, சாவியைக் கொடுங்க. இன்னைக்கு நீங்க ஓட்டக் கூடாது.”

“உங்க வேலை முடிஞ்சுது மேடம். எங்க கண்டக்டர் காலைல பார்த்துட்டு வந்து சொல்லிட்டான்.” அவன் கண் தெலெசாவைத் தாண்டி செலிபாவிடம் போனது. குரல் உயர்ந்தது. “இவ வியாழக்கிழமை வரிசையில நிக்கிறாளாம்! விழற நோயை மறைச்சு என் வீட்டுக்குள்ள வந்திருக்கா! இவ எச்சில் பட்ட கோப்பையில நான் குடிச்சிருக்கேன். தபித்தா அம்மா, நான் திரும்பி வரும்போது நீ வீட்ல இருக்கக் கூடாது.”

பஸ் முழுக்க ஜன்னலில் தலையாக முளைத்தது. கடலை விற்றவள் செலிபாவை விட்டு விலகி நின்றாள்.

லாக்சன் பார்த்தது வேறு. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த யோபேயின் இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அதன் சொந்தக்காரனுக்கு அது தெரியவேயில்லை. லுவாங்வா பாலத்துக்கு இறங்கும் வளைவுகள் லாக்சனின் கண்முன் வந்தன. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

தெலெசா எல்லாவற்றையும் போட்டு உடைக்க வாயெடுத்தாள். செலிபா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“இத்தனை பேர் முன்னாடி வேண்டாம்மா. அவர் கையில இப்ப சாவி இருக்கு. சொன்னதைச் செஞ்சிடுவார்.”

“அப்ப பஸ்ஸை எப்படி நிறுத்தறது?”

செலிபா அவள் கையை விட்டாள். பஸ்ஸுக்கு முன்னால் நடந்து போனாள். முன்சக்கரத்துக்கு நேரே நின்றாள். ஒரு அலறல். அப்படியே விழுந்தாள். கை கால் உதறியது, குதிகால் மண்ணைக் கிளறியது.

“விழற நோய்!” என்று யாரோ கத்தினார்கள்.

பஸ் நிலையமே பின்வாங்கியது. முட்டைக் கூடை கவிழ்ந்தது. லாக்சனும் பின்வாங்கினான். ஒன்பது தப்படி போன பிறகுதான் கால் நின்றது, அதுவும் பின்னால் ஒரு சுவர் வந்ததால். அங்கிருந்து பார்த்தபோது இரண்டு விஷயங்கள் அவன் கண்ணில் பட்டன. விழுந்தவளின் சித்தெங்கே முழங்காலுக்கு மேல் ஏறாமல் ஒழுங்காகச் செருகியிருந்தது. அவள் கண்கள் இறுக்க மூடியிருந்தன.

அவன் சுவரோரமாகவே தெலெசாவிடம் நகர்ந்தான். “மேடம், அது...”

“தெரியும். உன் அறிவை அஞ்சு நிமிஷம் பாக்கெட்ல வை.”

டிரைவர் ஹாரன் அடித்தான். பயனில்லை. அவளைத் தூக்கி ஓரமாகப் போட வேண்டுமென்றால் யாராவது தொட வேண்டும். அந்த நிலையத்தில் நானூறு பேர் இருந்தார்கள், தொடுவதற்கு ஒரு கை இல்லை. பதினாலு மாசமாக எந்த பயத்துக்கு அஞ்சி அவள் பொய் சொல்லி வாழ்ந்தாளோ, அந்த பயத்தையே இழுத்துக் கொண்டுவந்து அறுபது பேருக்கு முன்னால் தடுப்பாகப் போட்டுவிட்டாள். இப்படி ஒரு சாமர்த்தியத்தை லாக்சன் போலீஸ்காரர்களிடமும் பார்த்ததில்லை, திருடர்களிடமும் பார்த்ததில்லை.

பஸ்ஸுக்குள் ஒரு தடித்த பெண் எழுந்தாள். “இவன் பொண்டாட்டி சக்கரத்துக்கு முன்னாலயே விழுந்திருக்கா. இதைவிடக் கெட்ட சகுனம் வேணுமா? இவன் ஓட்டினா நான் வரல. என் மூட்டையை இறக்கு!” ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள்.

தெலெசா பழைய போலீஸ் குரலை எடுத்தாள். “டிரைவர், இறங்கு! மாத்து டிரைவர் எங்கய்யா? ஏறு! வண்டியைப் பின்னால எடு! பின்னால யாரும் நிக்காதீங்க!” கையைத் தூக்கினாள். இருபத்திரண்டு வருஷத்துக் கை. யாரும் அதை எதிர்த்துக் கேள்வி கேட்கவில்லை.

யோபே இறங்கினான். இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக எட்டவே நின்றான். தன் பெண்டாட்டி மண்ணில் கிடக்க, அவனும் தொடவில்லை. கோச் பின்னால் நகர்ந்து, திரும்பி, தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

தெலெசா அவன் பக்கத்தில் போய் நின்று மெதுவாகப் பேசினாள். பக்கத்திலிருந்த லாக்சனுக்கே பாதிதான் கேட்டது. கட்டில், அடுப்பு, மாத்திரை, தோப்வா. சாப்பிடாதே என்று சொன்ன தன் தப்பையும் சொன்னாள்.

“பொய்” என்றான் யோபே.

“கடிபட்டது உங்க நாக்கு. அவ நாக்கை நான் பார்த்துட்டேன், ஒரு கீறல் கிடையாது. இப்ப உங்க இடது கையைப் பாருங்க.”

பார்த்தான். கட்டைவிரல் துடித்துக்கொண்டிருந்தது. வலது கையால் அதைப் பிடித்தான். பிடிக்குள்ளேயும் துடித்தது. அவன் முகத்திலிருந்த கோபமெல்லாம் வடிந்து, தீயைச் சுற்றி நின்று பார்த்த ஒரு தம்பியின் முகம் மட்டும் மிஞ்சியது. லாக்சன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

யோபே அந்தக் காலி வட்டத்துக்குள் நடந்தான். கூட்டம் “ஏய், ஏய்” என்றது. அவன் போய், வெள்ளைச் சட்டையோடு மண்ணில் உட்கார்ந்து, அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“பஸ் போயிடுச்சா?”

“போயிடுச்சு தபித்தா அம்மா.”

“நீங்க?”

“நான் போகல.”

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் கையைப் பார்த்தாள். உடனே எழுந்து, அவனை இடதுபக்கமாகச் சாய்த்து, தோளில் கிடந்த துணியை மடித்து அவன் தலைக்கடியில் வைத்தாள். விழுந்து கிடந்தவள் எழுந்து, உட்கார்ந்திருந்தவனைப் படுக்க வைப்பதைப் பார்த்து நிலையம் முழுக்க வாயடைத்துப் போனது. அந்த அமைதியில் யோபே, வாய் கோணுவதற்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“நோய் எனக்குத்தான். இவளுக்கு இல்ல.”

வட்டம் இன்னும் ஒரு தப்படி அகலமானது. அந்த வட்டத்துக்குள் லாக்சன் நடந்து வந்தான். செலிபாவுக்கு எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, “நான் எங்க பிடிக்கணும் அக்கா?” என்று கேட்டான்.